புது வழியில் பெட்ரோல்

மாசி 18, ஞாயிறு

இன்று கார் வழியில் நிற்கவில்லை. ஒரு தடவைகூட!

போன மாதம் கொட்டாம்பட்டி போகையில் என் பழைய ரேஸ் கார் மூன்று முறை நின்றது. பெட்ரோல் குழாய் சைலன்சரை ஒட்டியே ஓடுவதால், வெயிலில் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடுகிறது. கடைசி முறை புகையும் வந்தது. "இத வித்துருவோம், பாத்திமா" என்றார் என் வீட்டுக்காரர்.

இரண்டு வாரமாகக் காருக்கு அடியில் படுத்து, புது இரும்புக் குழாயை வளைத்து, சூடு படாத இடது பக்கமாகக் கொண்டுபோனேன். "கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்?" என்றார்.

இன்று உச்சி வெயிலில் வேண்டுமென்றே கிளம்பினேன். தீயணைப்பு சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு அவரும் ஏறினார். மேலூர் தாண்டியதும் அழுத்தி மிதித்தேன். ஒரு திணறல்கூட இல்லை. கொட்டாம்பட்டியில் டீ குடித்துவிட்டு, எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்தது. நான் போட்ட சத்தத்தில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

"யம்மாடி, எம்புட்டு சுத்தமா இழுக்குது!" என்றார். பிறகு மெதுவாக, "திரும்பிப் போறப்ப நான் ஓட்டட்டுமா?"

"இன்னைக்கு நான்தாங்க ஓட்டுவேன்" என்றேன்.

வீடு வந்ததும் இணைப்புகளையெல்லாம் விரலால் தடவினேன். பெட்ரோல் கசிந்த ஈரமே இல்லை. டேங்க் பக்கத்தில் மட்டும் கை சரியாக எட்டவில்லை. காலையில் பார்க்க வேண்டும். கண் சொக்குகிறது, ஆனால் காது முழுக்க அந்த எஞ்சின்தான்.