கதவடியில் இருந்த பை

ஆலங்குடா,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஷிம்லாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் நீயும் மருமகனும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், ஆனால் நேற்று உன் வாப்பா ஒரு களிசானுக்குள் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் கட்டிலில் கிடந்ததை மறைக்க ஏலாது. இருபது வருடத்துக்கு முந்திய களிசான், தொடைக்கு மேலே ஏறவுமில்லை, கழற்ற வரவுமில்லை. உம்மா கத்தரிக்கோலோடு வந்து, ஓடுறதுக்கு எடுத்து வெச்ச களிசான் உங்கள நிக்கவே உடுதில்லயே என்று சிரித்துச் சிரித்துத்தான் வெட்டி எடுத்தா. உன் தம்பி ஆகிப் படம் பிடித்து வைத்திருக்கிறான், அனுப்பினால் பார்க்காதே.

அந்தக் களிசான் எங்கேயிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். கதவடியில் இருந்த பையை அவிழ்த்தேன். போன கிழமை நீதானே போனில் சொன்னாய், மூணு வருசமா சூட்கேசுக்குள்ள இருந்துதான் உடுப்பு எடுத்து உடுத்தன் வாப்பா, இப்பதான் அலுமாரில அடுக்கினன், நீங்களும் உங்கட பேக்க அவிழுங்களேன் என்று. மனதைப் பேசிச் சுகப்படுத்துகிற ஒரு டொக்டரிடம் போகிறாய் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. உம்மாவுக்கு முந்தியே தெரியுமாம். பைத்தியமா என்று நான் கேட்டுவிடுவேன் என்று பயந்தாயாக்கும். ஒன்பதாம் ஆண்டோடு நின்றவன், கேட்டாலும் கேட்டிருப்பேன்.

தொண்ணூறு ஒக்டோபரில், சண்டைக்குள், ஆயுதத்தோடு வந்தவர்கள் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறச் சொன்னபோது எனக்குப் பதினொரு வயது. பதற்றத்தில் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு வள்ளத்தில் ஏறிவிட்டேன். கற்பிட்டியில் இறங்கித் திறந்து பார்த்தால் கணக்குப் புத்தகமும் அடிமட்டமும், மாற்றச் சட்டை இல்லை. என் பிள்ளைகள் அப்படி நிற்கக் கூடாது என்று அன்று எடுத்த முடிவு. மற்ற வாப்பாமார் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓடப் பழக்கினார்கள், நான் வீட்டை விட்டு ஓடப் பழக்கினேன். வருடா வருடம் ஒக்டோபரில் விசில் ஊதுவேன், ஆளுக்கொரு பையோடு ஐந்து நிமிடத்தில் வாசல் படலையடியில் நிற்க வேண்டும். இவன்ட ஊட்டில மட்டும் இன்னும் சண்டை முடியல்ல என்று பக்கத்து வீட்டு நளீம் நானா பகிடி பண்ணுவார், நானும் சிரிப்பேன். உனக்குச் சிரிப்பு வந்ததா என்று ஒருநாளும் கேட்கவில்லை. உனக்கு ஏழு வயதான வருடம் பூனைக்குட்டியைத் தேடி உள்ளே ஓடிப் பிந்திவிட்டாய். பிந்தினால் என்ன நடக்கும் என்று காட்ட, வீட்டுக் கதவை வெளியில் பூட்டிவிட்டு உம்மாவையும் கைப்பிள்ளைத் தம்பியையும் இழுத்துக்கொண்டு சந்தி வரைக்கும் போனேன். உம்மா வழி முழுக்க ஏசினா. திரும்பி வந்து திறந்தபோது நீ அழவில்லை, பையை மடியில் வைத்துக்கொண்டு சப்பாத்தோடு கதவடியில் இருந்தாய். அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் சப்பாத்தோடுதான் படுத்தாய். அதை நான் கெட்டித்தனம் என்று கடைத்தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

களைப்பு என்றால் வள்ள எஞ்சினைத் தோளில் தூக்கி வருகிற களைப்புத்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன், ஒரு பையை அவிழ்க்க இப்படிக் களைக்கும் என்று தெரியாது. உள்ளே பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், பழைய நிவாரண அட்டை, பற்றரி கசிந்த டோர்ச், உன்னுடைய ஏழு வயதுக் கவுன். வெட்டின களிசான் எஞ்சின் துடைக்கப் போய்விட்டது, கவுனை அலுமாரியில் தொங்கவிட்டிருக்கிறேன். வெறும் பையில் உம்மா வெங்காயம் போடப் போகிறாவாம், இரண்டு நாள் பொறு என்றிருக்கிறேன். உன் அறைக்கு மஞ்சள் திரைச்சீலை வாங்கினாய் என்று கேட்டு உம்மா அழுதா. சீலைத்துண்டுக்கு அழுகிற மனுசியை இப்பதான் காணுறன் என்று சொல்லிவிட்டு நானும் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.

அந்த டொக்டரிடம் போவதை நிறுத்தாதே மகள். என்னைப் பற்றிக் கேட்டால் மரியாதை பார்க்காமல் உள்ளதைச் சொல். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. உங்கள் பக்கம் வேலை செய்கிற நம் ஊர் ஸப்ரான் லீவு முடிந்து அங்கே திரும்புகிறார், அவர் கையில் இதையும் கருவாட்டையும் கொடுத்து விடுகிறேன், அதில் உப்புக் கொஞ்சம் கூடுதல், ஊறப்போட்டு ஆக்கு. அல்லாஹ் உன் மனதுக்கு ஆறுதலையும் உன் வீட்டுக்குப் பரக்கத்தையும் தரட்டும். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படு.

இப்படிக்கு,
களிசான் இல்லாத உன் வாப்பா
செய்னுலாப்தீன்

போனை வைக்க முன்னம் நீ கேட்டாய், என்ன வெச்சிப் பூட்டின அண்டைக்கு உங்களுக்கும் பயமா இருந்திச்சா வாப்பா என்று. எனக்கென்ன பயம், என்ட எஞ்சின் எண்ணெய் வாசத்துக்கு ஜின்னும் கிட்ட வராது என்று சிரித்தேன். வாயால் சொல்லாததை எழுதுகிறேன். சந்தியிலிருந்து ஓடித்தான் வந்தேன். உள்ளே உன் சத்தமே இல்லை, எத்தனை தரம் குத்தியும் பூட்டுக்குள் சாவி போகவில்லை. பயந்தது நான் மகள். நீ பூனைக்குட்டியைத் தேடினது பிழையே இல்லை.