கண்ணாடிப் பெட்டிமேல் எழுதாத பேர்

ஜவ்வாது மலை,
ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணே அன்பரசி,

உன்னையும், மாப்பிள்ளை தனசேகரனையும், குறைமாசத்தில் பிறந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற நம்ம பிள்ளையையும் கர்த்தர் தம் கைக்குள் பொத்தி வைத்திருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு உன் ஆயா எழுதுகிறேன்.

போன் இருக்க கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் போன் பண்ணினால் உன் அம்மா ஈஸ்வரிதான் எடுக்கிறாள். "பரவால்லம்மா, டாக்டருங்க பாத்துக்கிறாங்க" என்கிறாள். என் வயிற்றில் பிறந்தவள் பொய் சொன்னால் எனக்குத் தெரியாதா? அன்பரசியிடம் கொடு என்றால், தூங்குகிறாள் என்கிறாள். பட்டப்பகலில் எத்தனை தூக்கம்தான் தூங்குவாய்? சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நின்று கத்த வேறு வேண்டியிருக்கிறது. அதனால்தான் அஞ்சாம் வகுப்பு படித்த கையை நம்பி உட்கார்ந்தேன். பழ வியாபாரம் பண்ணுகிற நம்ம ஊர்ச் சேட்டு நாளைக்குச் சீத்தாப்பழ லோடு ஏற்றிக்கொண்டு கோயம்பேடு வருகிறான். ஆஸ்பத்திரிக்கே வந்து உன் கையில் கொடுக்கிறேன் என்றான்.

இங்கே சாமைக் கதிர் முற்றிவிட்டது. மழை விடமாட்டேன் என்கிறது. கறுப்பு வெள்ளாடு குட்டி போட்டது. எனக்குத்தான் ஒன்றிலும் கை ஓடவில்லை. முழங்கால் போட்டால் பாதி ஜெபத்தில் எழுந்து வாசலுக்குப் போகிறேன். எதற்கு வந்தேன் என்று தெரியாமல் அங்கேயே நிற்கிறேன்.

இனி சொல்லவந்ததைச் சொல்கிறேன். நம்ம கோயிலில் பாட்டு முடிந்ததும் உபதேசியார் கோபால் இரண்டு கேள்வி கேட்பாரே, ஞாபகம் இருக்கிறதா? யாருக்கு வேண்டுதல் இருக்கிறது என்பார். அது முடிந்த பிறகு, யாருக்கு ஸ்தோத்திரம் சொல்ல இருக்கிறது என்பார். நான் எப்போதும் இரண்டாவதற்குத்தான் எழுவேன். நீ பத்தாவதில் முதல் மார்க் வாங்கினது, வேலைக்குப் போனது, உன் கல்யாணம் எல்லாவற்றுக்கும் நெஞ்சை நிமிர்த்தி எழுந்து ஸ்தோத்திரம் சொன்னவள் நான். முதல் கேள்விக்கு ஒருநாளும் எழுந்ததில்லை. நம்ம வீட்டுக் குறையை ஊர் எதற்குக் கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். இன்றைக்கு எழுந்தேன். கோயிலே திரும்பிப் பார்த்தது.

பேர் சொல்லித்தான் உபதேசியார் ஜெபிப்பார். "பேரு இன்னாம்மா?" என்றார். அன்பரசியின் பிள்ளை என்றேன். "அது அம்மா பேராச்சே, பிள்ளைக்கு இன்னா பேருன்னு கேட்டேன்" என்றார்.

நான் என்ன சொல்வேன்? பிள்ளை தேறி, வீட்டுக்கு வந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றின பிறகுதான் நம்ம வீட்டில் பேர் வைப்பது. தேறுமுன் பேர் சொன்னால் ஆகாது என்கிற பயத்தைக் வேதத்தில் சேர்ந்த பிறகும் நம்ம ஜனம் விடவில்லை. படித்தவள் நீயும், வீட்டுக்கு வரட்டும் பார்க்கலாம் என்றாயாம். பெட்டிமேல் 'அன்பரசியின் குழந்தை' என்று ஒட்டியிருக்கிறார்கள் என்று ஈஸ்வரி சொன்னதிலிருந்தே எனக்கு மனசு கேட்கவில்லை. பேரில்லாத பிள்ளையைத் தேவனுக்கு எப்படிக் காட்டுவது? எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். வாயில் வந்தது ராஜாக்கண்ணு.

ஆமாம், உன் தாத்தா பேர்தான். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்தப் பேர் என் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டாலும் பக்கத்தில் நின்று நீதான் சொல்வாய். அவர் மண்ணுக்குள் போன பிறகும் நான் சொன்னதில்லை. இதோ எழுதும்போதுகூடக் கை கூசுகிறது. அந்தப் பேரைத்தான் இன்றைக்குச் சபை நடுவில் சத்தமாகச் சொன்னேன்.

பின்னாலிருந்து குப்பம்மாள், "இன்னாடி மங்கம்மா, செத்துப்போன புருசனுக்கா ஜெபம் பண்ணச் சொல்றே? புத்தி பெரண்டு பூடுச்சா?" என்று கேட்டுவிட்டாள். பொம்பளைகள் பக்கம் ஒரே சிரிப்பு. "என் கொள்ளுப்பேரனுக்குடி, வாயை மூடு" என்றேன். அவளும் முக்காட்டை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். 'ராஜாக்கண்ணு என்கிற இந்தச் சின்னப் பிள்ளை' என்று உபதேசியார் ஜெபித்தபோது எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. சொன்ன பேரைத் திரும்ப வாங்க முடியாது, இல்லையா?

உன்னைக் கேட்காமல் வைத்துவிட்டேன். வந்து திட்டு.

புதன்கிழமை

கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மலைப்பாதையில் பாறை சரிந்து வண்டி எதுவும் இறங்கவில்லை. பழமெல்லாம் கூடையிலேயே கனிந்துபோய், சேட்டு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

பேர் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து வீட்டுத் திரௌபதி தினமும் காலையில் வேலிமேல் எட்டிப் பார்த்து, "யக்கா, ராஜாக்கண்ணு பால் குடிச்சானா?" என்கிறாள். அவள் தன் சாமிக்கும் ஏதோ வேண்டிக்கொண்டிருக்கிறாள். பிள்ளையை நினைத்து ஒருத்தி கை கூப்புகிறபோது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

நேற்று போனில் ஈஸ்வரிக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. ரத்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டது, திரும்பவும் மூச்சு மெஷினில் வைத்திருக்கிறார்கள் என்று அழுதாள். அவளுக்குப் பின்னால் உன் குரலும் கேட்டது. "ஆயா இதுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுமா, கேளு. எதுக்கு நன்றி சொல்லணும் இப்போ?" என்றாய். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாய். நான் கோபித்துக்கொள்ளவில்லை. நானே கர்த்தரோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போது, தண்ணீர் தூக்கும்போது, வாய்விட்டே கேட்கிறேன். கோயிலில் என்னால் அடங்கி உட்கார முடியவில்லை. ஆனால் எங்கே போய்ச் சண்டை போட்டாலும் அங்கே அவர் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது. ஒருவரும் இல்லாத இடத்தில் யாரால் சண்டை போட முடியும்?

போன் வைத்த பிறகு சாமை குத்த உட்கார்ந்தேன். ஒவ்வொரு குத்துக்கும் 'மூச்சு கொடு, மூச்சு கொடு' என்று சொல்லிக்கொண்டே குத்தினேன். கை ஓய்ந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தப் பயம். நான் நிறுத்தினால் அங்கே மூச்சு நின்றுவிடுமோ என்று. திரௌபதி ஓடிவந்து உலக்கையைப் பிடுங்கினாள். "யக்கா, உரலைப் பாரு. எல்லாம் மாவாப் பூடுச்சு, அரிசி எங்க இருக்குது?" என்றாள். அதன் பிறகுதான் பார்த்தேன். அந்த மாவைக் கூழாகக் காய்ச்சி அவளுக்கும் ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை

இன்றைக்கு அறுப்பின் பண்டிகை. அவரவர் முதல் விளைச்சலைக் கொண்டுவந்து படைத்தார்கள். சாமை, கேழ்வரகு, பூசணி, உயிரோடு ஒரு சேவலும்கூட. அது பிரசங்கம் முழுக்கக் கூவிக்கொண்டிருந்தது. போகவேண்டாம் என்றுதான் காலையில் உட்கார்ந்திருந்தேன். மங்கம்மாள் ஸ்தோத்திரம் சொல்ல எழுவாளா மாட்டாளா என்று எல்லாரும் பார்ப்பார்களே என்று இருந்தது. பிறகு யாருக்குப் பயந்து உட்காருவது என்று கதிர்க்கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

உபதேசியார் இரண்டாவது கேள்வியைக் கேட்டார். எழுந்துவிட்டேன். 'ஸ்தோத்திரம்' என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. பிழைத்துவிட்டான் என்று சொல்ல முடியாது. பிழைப்பான் என்று சொன்னால் அது என் வீம்பு. நீ கேட்டதுதான் காதில் நிற்கிறது, எதற்கு நன்றி என்று.

கடைசியில், "ராஜாக்கண்ணு எங்க வூட்டுக்கு வந்தானே, அதுக்கு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அன்பரசி, அதில் பொய் இல்லை. அவன் வந்திருக்கிறான். உன் மூக்கு அவனுக்கு இருக்கிறது என்று மாப்பிள்ளை அனுப்பின போட்டோவில் பார்த்தேன். அதை யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது.

குப்பம்மாள் என் சேலையைப் பிடித்து இழுத்து, "உக்காருடி, போதும்" என்றாள். கதிர்க்கட்டையும் அவள்தான் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பாதையைச் சரிபண்ணிவிட்டார்கள். சேட்டு புது லோடு கட்டிக்கொண்டிருக்கிறான். அவன் கையில் வறுத்த சாமையும் மலைத்தேனும் கொடுத்தனுப்புகிறேன். தேனைப் பிள்ளைக்குத் தொட்டு வைக்காதே, உங்கள் டாக்டர்கள் திட்டுவார்கள். நீ சாப்பிடு. சாப்பிடாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்று ஈஸ்வரி சொன்னாள்.

உன்னை ஜெபம் பண்ணு என்று சொல்லமாட்டேன். உன்னால் முடிகிறபோது பண்ணு. முடியாத நாளுக்கு நாங்கள் இங்கே இருக்கிறோம். ஒன்றே ஒன்று மட்டும் செய். கை விடுவதற்குப் பெட்டியில் ஓட்டை இருக்கிறதாம். நர்சம்மாவைக் கேட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, உன் விரலை அவன் கைக்குள் வைத்து, பேர் சொல்லிக் கூப்பிடு. ராஜாக்கண்ணு பிடிக்கவில்லையென்றால் உனக்குப் பிடித்ததைச் சொல். நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். மலை முழுக்கப் போய் நானே மாற்றிச் சொல்லிவிட்டு வருகிறேன். ஆனால் தேறட்டும், வீட்டுக்கு வரட்டும் என்று வைத்திருக்காதே, கண்ணு. இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே கூப்பிடு. பெத்தவள் வாயால் தன் பேரை அவன் கேட்கட்டும்.

உன் குரலுக்கு அவன் ஒரு விரலையாவது அசைக்க, அதை நீ உன் கண்ணால் பார்க்க, கர்த்தர் உங்கள் பக்கத்தில் நிற்பாராக.

முத்தங்களோடு,
உன் ஆயா
மங்கம்மாள்