உனக்கு முன்னே வந்துவிட்டவன்

பதுளை,
நோன்பு மாதம், 2019.

அன்பின் மருமகன் ஷிபானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஊவா மாகாணத்து மூட்டை வியாபாரிகளின் சுல்தானும், பசறை முதல் லுணுகலை வரை அத்தனை தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கும் சேலை கொடுத்து மானம் காத்தவருமாகிய உன் மாமா மர்ஸூக் எழுதிக்கொள்வது. நானும் என் தங்கச்சியான உன் உம்மாவும் சுகம். நீ தோஹா வெயிலில் சுகமாக இருக்கத் துஆச் செய்கிறோம்.

போனை விட்டுவிட்டு இந்த மனுஷன் ஏன் தாளும் பேனையுமாக உட்கார்ந்தான் என்று யோசிப்பாய். வாட்ஸ்அப்பை அரசாங்கம் நாலு நாள் பூட்டுகிறது, இரண்டு நாள் திறக்கிறது. போனில் பேசினால் நடுவில் யாரோ மூச்சு விடுவதுபோல் இருக்கிறது. அது காற்றாகவும் இருக்கலாம். ஆகவே தோஹாவுக்குத் திரும்பும் பக்கத்து வீட்டுக் காமிலின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வாசித்ததும் முதல் வேலையாக, பெருநாளுக்கு வர நீ எடுத்து வைத்திருக்கும் டிக்கெட்டைத் தள்ளிப்போடு. காரணத்தைக் கீழே சொல்கிறேன். சிரிக்காமல் வாசி.

ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தது உனக்குத் தெரியும். வெள்ளை உடுப்போடு தேவாலயத்துக்குப் போன பிள்ளைகளின் படங்களைப் பேப்பரில் பார்த்துவிட்டு உன் உம்மா இரண்டு நாள் சோற்றில் கை வைக்கவில்லை. நான் மூட்டையில் இருந்த வெள்ளைத் துணி முழுவதையும் கிழித்து நம் தெருவில் கட்டினேன். செய்த பாவிகள் நம்முடையதைப் போன்ற பெயர்களை வைத்திருந்தார்கள். அதற்குமேல் எழுதப் பேனை வரவில்லை.

சில நாள் கழித்து, லுணுகலைக்கு மேலே உள்ள நம் வழக்கமான தோட்டத்துக்கு மூட்டையோடு ஏறினேன். என் குரல் கேட்டால் அங்கே நாய்கள் முதலில் வரும், பிள்ளைகள் பிறகு வரும், பெண்கள் அடுப்பை மறந்து வருவார்கள். அன்று மலையே வாயில் துணி அடைத்துக்கொண்டதுபோல் கிடந்தது. நல்ல பனி. லயத்தில் ஒவ்வொரு காம்பராவாக, வாசல் வாசலாகக் கடந்தேன். நான் கடக்கக் கடக்கக் கதவுகள் சாத்திக்கொண்டன. யாரும் அடித்துச் சாத்தவில்லை. தூங்கும் பிள்ளை எழுந்துவிடாமல் சாத்துவோமே, அப்படி. ஒரு வாசல் அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. இறக்க ஆளில்லை.

பூவம்மா மட்டும் கதவை அரைவாசி திறந்து நின்றாள். உனக்கு அவளைத் தெரியும், நம் ஆட்களைப் போலவே என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுபவள். "நானா வாயத் தொறந்தா இங்கருந்து மொனராகலை வரைக்கும் பொய் நீளும்" என்று என்னைக் கேலி பண்ணிக்கொண்டே இருபது வருஷமாகச் சேலை எடுப்பவள். நான் உன்னைப் பற்றி லயங்களில் அளந்து வைத்திருப்பதும் உனக்குத் தெரிந்ததுதான். ஏசி மெஷின் கழுவ நாலு பையன்களை வைத்து வேலை வாங்குகிறாய். சேலை விற்பதற்கு அது போதுமா. என் மருமகனுக்குக் கீழே நானூறு பேர், அவன் கை தூக்கினால் பாலைவனத்தில் அணிவகுத்து நிற்பார்கள் என்பேன். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்த கையோடு சேலையும் எடுப்பார்கள்.

அன்று பூவம்மா சிரிக்காமல், மெல்லக் கேட்டாள்: "நானா, அந்த நானூறு பேரும் இப்ப எங்க இருக்காங்க?"

நாலே நாலு பயல்கள்தான் பூவம்மா, மெஷின் கழுவுகிறவர்கள் என்றேன். இத்தனை வருஷமும் நான் பொய் சொல்லும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தவள், உண்மையைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வாரமே சாதாரண உடுப்பில் இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையான மனிதர்கள், சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். உன்னைப் பற்றிக் கேட்டார்கள். நாலு பேர், ஏசி மெஷின், பெருநாளுக்கு வருகிறான் என்று விளக்கினேன். பெருநாளுக்கு ஏன், ஆள் வந்துவிட்டதாகத்தானே சொல்கிறார்கள் என்றார் ஒருவர்.

ஆம் மருமகனே, நீ வந்துவிட்டாய். பசறை பஸ்ஸில் பின்சீட்டில் இருந்தாயாம். லுணுகலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, என்னை யாரென்று அறியாத ஒருவன் என்னிடமே உன்னைப் பற்றிச் சொன்னான். தாடி, நெடிய உருவம். நடந்தால் கால் சத்தம் கேட்காது. நீ நின்ற இடத்துத் தேயிலைச் செடியில் பனி தங்காது. நான் என் தொழிலின் உச்சத்தில்கூட இவ்வளவு அழகாகப் பொய் சொன்னதில்லை. நானூறு பேரும் ஆயிரமாகிவிட்டார்கள். மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு என் பெயரைக் கேட்பானே என்று மூடிக்கொண்டேன்.

இதெல்லாம் உன் உம்மாவின் காதுக்கும் போய்விட்டது. நோன்பு திறக்கும்போது ஒரு கோப்பைக் கஞ்சி கூடுதலாக வைக்கிறாள். "வந்தீக்கானாம். வந்த புள்ள ஏன் நானா ஊட்டுக்கு வரல்ல?" என்று கேட்கிறாள். அவன் தோஹாவில் அல்லவா இருக்கிறான், முந்தாநாள்தானே பேசினாய் என்றால், அது தெரியும் என்கிறாள். ஆனால் அந்தக் கோப்பையை எடுப்பதில்லை.

இரண்டு நாளைக்கு முன் பதுளை பஸ் நிலையத்தில் பூவம்மா என்னைக் கண்டாள். தள்ளி நின்று, வேறு பக்கம் பார்த்தபடி பேசினாள். "புள்ளைய இப்ப வரச் சொல்லாதீங்க நானா. யுத்தம் நடந்த காலத்துல எங்க அண்ணன் சின்னராசாவப் புலின்னு புடிச்சிட்டுப் போனாங்க. ஒண்ணும் இல்லன்னு விட்டுட்டாங்க. ஆனா ஊரே சொன்னுச்சுல்ல. அவரு வந்ததுக்கப்புறம் எங்க அம்மாவே அவருக்கு முதுகு காட்டிப் படுக்கல." சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள். பெற்றவளா அப்படிச் செய்வாள் என்று எனக்குக் கோபம் வந்தது.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு, ஒரு துண்டுத் துணியும் விற்காமல் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். பனி இறங்கிவிட்டது. கீழ் வளைவில் ஒருவன் நின்றான். உன் தோள். ஒரு காலில் பாரம் போட்டு நிற்பாயே, அதே நிற்பு. உனக்கு நடை பழக்கியவன் நான். பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். நான் மூட்டையை இறக்கிவிட்டுத் தேயிலைக்குள் குனிந்து உட்கார்ந்தேன். அவன் என்னைப் பார்த்துவிடக் கூடாது என்று மூச்சை அடக்கினேன். பிறகு எட்டிப் பார்த்தபோது பாதையில் யாருமில்லை. கால் சத்தம் கேட்டதா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

பனிதான். அல்லது யாரோ தோட்டத்துப் பிள்ளை. பாவம், அவனும் எங்கோ குனிந்து உட்கார்ந்திருப்பான்.

டிக்கெட்டை மாற்று. உம்மாவோடு தினமும் நோன்பு திறக்கும் நேரத்தில் பேசு. நீ அங்கேதான் இருக்கிறாய் என்பதை அவள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். நாடு தெளிந்து நீ வரும் நாளில், பட்டப்பகலில் வா. தெரு முனையிலிருந்தே, சின்ன வயதில் கூப்பிடுவதுபோல், மாமா மாமா என்று சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டே வா. கதவைத் திறக்க நான் கொஞ்சம் தாமதித்தால் மனதில் வைத்துக்கொள்ளாதே.

அல்லாஹ் உன்னை உன் முகத்தோடும் உன் பெயரோடும் காப்பானாக.

உன் மாமா,
மர்ஸூக்