முந்தின நாள் வெட்டிய தார்

மே 4, ஞாயிறு

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வெளியே வரும்போதே மேற்கு மலையைப் பார்த்து, "இன்னைக்குப் பேய்க்காத்து இருக்குடா" என்றேன். ஒருத்தனும் காதில் வாங்கவில்லை. அடித்தது பாருங்கள் காற்று! கம்பத்திலிருந்து உத்தமபாளையம் வரை வாழையெல்லாம் படுத்துவிட்டது.

தங்கச்சி லத்திபாவின் ஒரு ஏக்கர் செவ்வாழையும் போயிற்று. முட்டுக் கொடுத்த கம்போடு சேர்ந்து சாய்ந்து கிடக்கிறது. தார் பாதிகூட முற்றவில்லை. மச்சான் மவுத்தான பிறகு அவளும் மகளும் அந்த வாழையை நம்பித்தான் இருக்கிறார்கள்.

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான்தான் தைரியம் சொன்னேன். சிறு, குறு விவசாயிக்கு அரசாங்கம் நிவாரணம் கொடுக்கும், சட்டமெல்லாம் அண்ணனுக்கு மனப்பாடம் என்றேன். ஒன்பதாம் வகுப்பில் என்னை நிறுத்தியது வாத்தியாரின் பொறாமை. இல்லாவிட்டால் அந்த நிவாரணத்தில் கையெழுத்துப் போடுகிறவனே நான்தான்.

மே 6

ஆளை விட்டுத் தோட்டத்தைச் சுத்தம் செய்தாயிற்று. மரமெல்லாம் தோட்ட வேலைக்கு வரும் சுருளியின் மாடுகளுக்கு. விலைபோகாத தாரெல்லாம் ஓடைப் பக்கத்துக் குழியில்.

"அதிகாரிக வந்து பாத்துட்டுப் போகட்டும் ராவுத்தரே, அப்புறம் வெட்டுவோம்" என்றான் சுருளி.

"ஏலே, குப்பையாக் கிடந்தா எவன் மதிப்பான்? பெரிய மனுசக வர்ற இடம்" என்று ஓர் அதட்டல் போட்டேன். இப்போது தோட்டம் கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருக்கிறது.

மே 9

வி.ஏ.ஓ. ஜோதிகா கணக்கெடுக்க வந்தார். சின்ன வயசுப் பெண். லத்திபா வீட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் நானே பேசி முடித்துவிட்டேன்.

"என்ன பாய், வாழைத் தோட்டம்னாங்க, ஒரு மரத்தையும் காணோம்?"

அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாரும் நின்றார்கள். வாய் சும்மா இருக்குமா? "காத்து வரும்னு எனக்குத் தெரியும்மா. முந்தின நாளே தாரெல்லாம் வெட்டி கேரளாவுக்கு ஏத்தி விட்டுட்டேம்ல!"

எல்லாரும் ஆவென்று பார்த்தார்கள். "கெட்டிக்காரர்தான் நீங்க" என்று அந்த அம்மாவும் சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டார். அரசாங்கமே என்னைப் பற்றி எழுதிக்கொண்டு போகிறது!

மே 13

பட்டியலில் லத்திபா பெயர் இல்லை. காற்றுக்கு முன்பே அறுவடை முடிந்தது, சேதம் இல்லை என்று போட்டிருக்கிறார்களாம்.

"அந்தம்மாகிட்ட என்னத்தண்ணே சொன்னீக?"

"அது வந்து, லத்திபா—"

"கேரளாவுக்கு ஏத்துன தாரு எங்கண்ணே? எனக்கும் ஒரு சீப்பு தாங்க, தின்னு பாக்கேன்."

அவள் சிரிக்கவில்லை.

என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்: ஏய்யா நத்தர்ஷா, உனக்கு என்னய்யா கேடு? மரம் விழுந்துபோச்சும்மான்னு சொன்னா நாக்கு அழுகிப்போயிருமா?

மே 14

போய்ச் சொல்லணும். நாளைக்கு.

மே 15

இன்று அந்த அம்மா தேனிக்குப் போய்விட்டாராம். அப்படித்தான் இருக்கும். நான் விசாரிக்கவில்லை.

மே 17

லத்திபா ஏலக்காய்த் தோட்டக் கூலிக்குப் போகும் ஜீப்பில் ஏறிவிட்டாள். இடுப்பு வலிக்காரி, மலை ரோட்டில் குலுங்கிக்கொண்டு போகிறாள். சின்னமனூர்க்காரர் ஒருவர் தோட்டத்தை ஒத்திக்குக் கேட்கிறாராம். கன்று வாங்க வழியில்லை என்றால் கொடுக்க வேண்டியதுதான். ஒத்திக்குப் போன நிலம் எங்கள் தெருவில் யாருக்குத் திரும்பி வந்திருக்கிறது?

குழியைப் போய்ப் பார்த்தேன். தாரெல்லாம் கறுத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் மண்ணோடு மண். அப்புறம் காட்டுவதற்கும் ஒன்றும் இருக்காது.

டீக்கடையில் இப்போது எனக்கு 'காத்து ராவுத்தர்' என்று பெயர். "மழை என்னைக்கு?" என்று கேட்டான் ஒருத்தன். புதன்கிழமை என்றேன். ஏன் சொன்னேன்?

மே 19

சொல்லிவிட்டேன்! ஜோதிகா அம்மா டீக்கடை அருகே வண்டியை நிறுத்தும்போதே மறித்தேன். நெஞ்சை நிமிர்த்தி, "அம்மா, அன்னைக்கு நான் சொன்னது புளுகு. என் தங்கச்சி பொழப்பைக் கெடுத்திராதீக" என்றேன். கடைத்தெருவே வாயடைத்து நின்றது. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மே 22

வி.ஏ.ஓ.வும் தோட்டக்கலை அதிகாரியும் வந்தார்கள். வரிசையாக நின்ற அடிக்கட்டைகளைப் பார்த்தார்கள். அதிகாரி குழியில் இறங்கி ஒரு தாரைக் குச்சியால் புரட்டினார். "இந்தப் பிஞ்சை யாரும்மா வெட்டி விப்பா?" என்றார். லத்திபா பெயரைச் சேர்த்து மேலே அனுப்புகிறார்களாம். எப்போது வருமோ தெரியாது. அதுவரை ஜீப்தான். ஒத்தி கேட்டவரிடம் பொறுக்கச் சொல்லியிருக்கிறாள்.

பத்தொன்பதாம் தேதி எழுதியதில் ஒன்றைத் திருத்தணும்.

வண்டியை மறித்தது நான் இல்லை. லத்திபா. ஜீப்பிலிருந்து இறங்கின கோலத்திலேயே, தலைத்துணியைக்கூடச் சரிசெய்யாமல் போய் நின்றாள். "எங்கண்ணன் சொன்னது நெசமில்லம்மா. வந்து குழியப் பாருங்க" என்றாள்.

"அதை அவரே வந்து சொல்லட்டுமே. எங்க இருக்காரு?"

"அவுக ஊருல இல்லம்மா."

நான் வைக்கோல் லாரிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். என்னைத் தாண்டித்தான் அவள் அங்கே போனாள்.