கதவின் உட்பக்கம் எழுபத்திரண்டு

அன்புள்ள மனைவிக்கு,

நம் வீட்டுக் கடனில் பாக்கி பன்னிரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு. இன்று காலை பதினொன்றரை மணிக்கு வங்கியின் கடன் பிரிவு அம்மையார் முத்திரை வைத்துக் கொடுத்த தாளில் இப்படித்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரைக்குமான வட்டியும் இதில் அடக்கம். அன்றைக்கு முழுவதையும் கட்டிவிடப் போகிறேன். பணம் இருக்கிறது.

எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: சனிக்கிழமை நீ வேலை செய்யும் மருத்துவமனை நீட்டும் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதே.

போனில் சொல்ல மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் உன் முதுகுவலியைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். மகள் இதைப் படம் பிடித்து அனுப்புவாள்.

நீ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் பென்சிலால் 144 என்று எழுதினாய். மிச்சமிருந்த தவணைகள். மாதம் ஒரு தவணையும், அதற்கு மேல் அசலில் கொஞ்சமும் கட்டினால் நான்கு வருஷத்தில் முடியும் என்றாய். "கடன் முடியிற மாசம் நான் வண்டி ஏறிடுவேன், வாத்தியாரே" என்றாய். நான் தலையாட்டினேன்.

அசலில் கட்டச் சொல்லி நீ அனுப்பியதை நான் அசலில் கட்டவில்லை. முதல் மாதத்திலிருந்தே மியூச்சுவல் ஃபண்டில் போட்டேன். வங்கி வாங்குவது எட்டரை வட்டி, ஃபண்டில் பன்னிரண்டாவது வரும் என்பது என் கணக்கு. உன்னிடம் ஒரு தடவை ஜாடையாகக் கேட்டேன். "எனக்குக் கூடுதல் காசு வேணாம், கடன் இல்லாத வீடு போதும்" என்றாய். அதைக் கேட்ட பிறகும் செய்தேன்.

நான்கு வருஷம் ஆனபோது ஃபண்டில் பதினைந்து லட்சத்து இருபதாயிரம் இருந்தது. கடன் பதினைந்து லட்சத்து ஐயாயிரம். அந்த வாரம்தான் நீ போனில், புது ஒப்பந்தம் போடச் சொல்கிறார்கள், போடவா வேண்டாமா என்று கேட்டாய். கடன் இன்னும் பதினைந்து லட்சம் இருக்கிறது என்றேன். ஏன் இவ்வளவு என்றாய். வட்டி ஏறிவிட்டது என்றேன். ஏறியது கால் சதவீதம். சொன்ன எண்ணில் பொய் இல்லை, சொன்னவன்தான் பொய். நீ சிரித்துக்கொண்டு, "கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கிட்டவளுக்குக் கால்குலேட்டர் எதுக்கு" என்றாய். மறுநாள் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாய்.

இன்னும் ஆறு மாதம் விட்டால் வளரும் என்று நினைத்தேன். அடுத்த மாதமே ஐந்தில் ஒரு பங்கு விழுந்தது. விழுந்ததை எடுக்க மனம் வரவில்லை, ஏறியபோதும் வரவில்லை. இப்போது இருபத்தொரு லட்சம் நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் அலமாரிக் கதவைத் திறந்து 73ஐ அழித்து 72 என்று எழுதினாள். எழுதிவிட்டு அங்கேயே நின்றாள். "அம்மா ரெண்டு ஆள் வேலை செய்யறாங்க, நம்பர் மட்டும் ஏன்பா ஒண்ணு ஒண்ணாக் குறையுது?" என்று கேட்டாள். வகுப்பில் நாற்பது பேருக்கு விடை சொல்கிறவன் நான். இந்தக் கேள்விக்கு விடையாகப் பாஸ்புத்தகத்தையும் ஃபண்ட் தாள்களையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். படித்து முடித்து, "ஜெயிச்சுட்டீங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஜெயித்தது எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். நீ சொன்னபடி கடனில் கட்டியிருந்ததைவிட இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் அதிகம். நீ கூடுதலாக அங்கே இருந்த நாட்கள் எழுநூற்று முப்பது. வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளுக்கு இருநூற்று எண்பத்தேழு ரூபாய்ச் சொச்சம். உன்னைக் கேட்காமல் உன் நாளை அந்த விலைக்கு விற்றிருக்கிறேன். அந்த நாட்களில்தான் உன் முதுகு போனது, அந்த நாட்களில்தான் மகள் பள்ளிப் படிப்பை முடித்து மேடை ஏறினாள், நீ அதைப் போன் திரையில் பார்த்தாய்.

இன்று வங்கியில் அந்த அம்மையார், "கடனை முடிக்க வர்றவங்க சிரிச்சுக்கிட்டே வருவாங்க, நீங்க என்ன சார் கடன் கேக்க வந்தவர் மாதிரி நிக்கிறீங்க" என்றார். வெயில் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ரப்பரோடு அலமாரியைத் திறந்தேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க தொடாதீங்க. அம்மா வந்து அழிக்கட்டும்" என்றாள். 72 அப்படியே இருக்கிறது.

ஃபண்டில் முழுவதையும் எடுக்க எழுதிக் கொடுத்தாயிற்று. வியாழக்கிழமை பணம் கணக்குக்கு வரும். வெள்ளிக்கிழமை கடன் முடியும். மிச்சம் உன் பெயரில் இருக்கும். என்ன செய்வது என்று நீ சொல். பத்திரம் திரும்பி வரப் பதினைந்து வேலை நாள் ஆகும் என்கிறார்கள். உன் பதில் எப்போது வரும் என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை. சனிக்கிழமைக்கு முன் வந்தால் போதும். திட்டி எழுதினாலும் சரி.

கனமானதைத் தூக்காதே. முதுகைப் பார்த்துக்கொள். நல்லபடியாக வந்து சேர்.

உன் மன்னிப்பைக் கேட்கும் தகுதி இன்னும் வராத,
வாத்தியார்