நெட்டி முறித்த கை

2014 கார்த்திகை, வெள்ளி இரவு. பலேர்மோ, இத்தாலி.

மனைவியைப் பிரிந்திருக்கும் மகன், கோர்ட் விட்ட நேரத்தில் தன் பிள்ளையைப் பார்க்க இன்றுதான் என்னையும் கூட்டிப்போனான். கோர்ட் காவலுக்கு வைத்த இத்தாலியப் பெண், சிஞ்ஞோரா ஒருத்தி, மூலையிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேத்தி நல்ல வடிவாக வளர்ந்துவிட்டாள். நாவூறு படாமலிருக்க அவள் கன்னங்களை வழித்து நெட்டி முறித்தேன். பிள்ளை வெடுக்கென்று பின்னால் போனாள். சிஞ்ஞோராவும் துள்ளி எழும்பினாள்.

"அப்பம்மா, சூனியமோ செய்யிறீங்கள்? அம்மா சொன்னவ."

மருமகளின் வேலைதான். சிஞ்ஞோராவுக்கும் முன்பே ஓதிவைத்திருப்பாள். இல்லாவிட்டால் அவள் ஏன் அப்படித் துள்ளி எழும்ப வேண்டும்?

மகன் கெஞ்சினான்: "கையை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ அம்மா. பிறகு பிள்ளையைக் காட்டாமல் விட்டிடுவினம்."

நாலு பிள்ளை வளர்த்த கைக்கு வந்த மரியாதை!

போகும்போது பேத்தி கட்டிப்பிடிக்கக் கை நீட்டினாள். ஆசையிலா, யாரும் சொல்லிக்கொடுத்தா? நான் என் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.