நீல முனையால் போட்ட குறி

இன்று காலை பென்சில் சீவினேன். ஒரு முனை நீலம், மறு முனை சிவப்பு. ஊரில் அலுவலகக் கோப்புகளில் குறி போடுவோமே, அந்தப் பென்சில். கோயமுத்தூரிலிருந்து வரும்போது ஒரு டஜன் கொண்டுவந்தேன். இது கடைசி. மரத்தூளின் வாசனை வந்ததும் உங்கள் வீட்டு பேஸ்மென்டும், தரையிலிருந்து உயர்ந்து நின்ற காகிதக் கட்டுகளும் நினைவுக்கு வந்தன. நீல முனை விரலில் பிடிக்க முடியாத அளவு தேய்ந்திருக்கிறது. சிவப்பு முனை இன்னும் நீளமாக இருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் என்று தெரியாமலே நீங்கள் போய்விட்டீர்கள்.

போன வாரம் உங்கள் மனைவி ஒரு தடித்த உறை அனுப்பியிருந்தார். உங்கள் ஆராய்ச்சிப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்காக நீங்கள் எழுதிவைத்த பிற்சேர்க்கை. கூடவே ஒரு சீட்டு: "அண்ணே, நீங்க ஒரு தடவ பாத்து டிக் பண்ணிக் குடுத்தா பப்ளிஷருக்கு அனுப்பிருவேன். அவங்க இருந்தாலும் உங்ககிட்டதான் குடுத்திருப்பாங்க." உறை ஐந்து நாள் மேசையில் பிரிக்காமல் கிடந்தது.

நாம் முதலில் பேசியது அமெரிக்காவில் மகள் இருக்கும் பிளெய்ன்ஸ்பரோவுக்கு நான் வந்த இரண்டாம் ஆண்டில், ஒரு பள்ளிக்கூட கேஃப்டீரியாவில் நடந்த பொங்கல் விழாவில். சாப்பாட்டு வரிசையில் நின்றபடி நான் விழா மலரில் பிழைகளைக் குறித்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள்.

"எத்தன தப்பு அண்ணாச்சி?"

"இருபத்திமூணுங்க."

"எண்ணி யார்கிட்ட குடுக்கப் போறீய?"

"யார்கிட்டயும் குடுக்க மாட்டனுங்க."

நீங்கள் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த வடை கீழே விழுந்தது. அடுத்த சனிக்கிழமையே என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் அந்த பேஸ்மென்டில் உட்காரவைத்தீர்கள். கல்லூரி நூலகத்தில் முப்பது வருடம் அட்டவணை எழுதி ஓய்வு பெற்றவன் நான். மகள் வீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது மறுபடி வேலை கிடைத்தது போல இருந்தது.

இந்த நாட்டில் பிறந்த மார்மன் சபை தோன்றிய முதல் சில ஆண்டுகள்தான் உங்கள் ஆராய்ச்சி. பாளையங்கோட்டைப் பாதிரியார் மகனுக்கு இது எதற்கு என்று விழாக்களில் உங்களைச் சீண்டாதவர் இல்லை. "எங்கப்பா சபையப் பத்தி எழுதுனா வீட்டுல சோறு கெடைக்காது. அதான் அடுத்த வீட்டு சபை" என்று வாயை அடைத்துவிடுவீர்கள். எனக்கு மட்டும் வேறு பதில் சொன்னீர்கள். ஒரு மதம் பிறந்தபோது பக்கத்து வீட்டுக்காரன் என்ன பேசினான் என்பது இங்கே காகிதத்தில் இருக்கிறது, இருநூறு வருடம்கூட ஆகவில்லை, இப்படி ஒரு வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும் என்றீர்கள்.

நீங்கள் யாரையும் நம்பவில்லை. அந்தச் சபையின் வேதம் பொறித்திருந்ததாகச் சொல்லப்பட்ட தங்கத் தகடுகளைக் கண்டோம் என்றவர்களையும் நம்பவில்லை, எல்லாம் மோசடி என்று எழுதிக்கொடுத்த அண்டை வீட்டாரையும் நம்பவில்லை. ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு தாள். அதில் நான்கு கட்டங்கள்: யார், என்ன கண்டார், எப்போது சொன்னார், பொய் சொல்ல என்ன காரணம். நான்காவது கட்டம் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. பகை, ஆசை, முதுமை மறதி, கூட்டத்தோடு ஒத்துப்போகும் குணம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். "கண்டேன்னு சொல்லுதவன்கிட்டதான் ரொம்ப கவனமா இருக்கணும் அண்ணாச்சி" என்பீர்கள்.

என் வேலை அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பது. மூலத்தை என் கண்ணால் பார்த்திருந்தால் நீலக் குறி. வேறொருவர் அச்சிட்ட நூலில் மட்டும் பார்த்திருந்தால் சிவப்பு. இந்த ஏற்பாட்டைச் சொன்னவனே நான்தான்.

ஓர் அடிக்குறிப்பில் ஒரு விவசாயியின் மனைவி முதுமையில் எழுதிய கடிதம் வந்தது. தகடுகள் இருந்ததாகச் சொல்லப்பட்ட பெட்டிக்குள் தகடுகள் இல்லை என்பதைத் தானே பார்த்ததாக அவள் எழுதியிருந்தாள். ஒரு பழைய தொகுப்பு நூலில் அது அப்படித்தான் அச்சாகியிருந்தது. மூலக் கடிதத்தின் மைக்ரோஃபில்ம் சுருள் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்தது. கவுண்டரில் கேட்டேன், வேறு சுருள் வந்தது. மறுபடி கேட்டேன். அங்கிருந்த பெண்ணுக்கு என் இங்கிலீஷ் புரியவில்லை. "பார்டன்?" என்றாள், மூன்று முறை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. கொடுத்த சுருளை வாங்கிக்கொண்டு போய்ப் பொருத்தினேன், அதுவும் தவறு. முப்பது வருடம் கவுண்டருக்கு உள்ளே நின்றவன், வெளியே நின்று இன்னொரு முறை கேட்கத் துணியாமல் வீடு திரும்பினேன். அன்று மாலை அந்த அடிக்குறிப்புக்கு வந்தபோது சிவப்பு முனைதான் தாளைத் தொட்டிருக்க வேண்டும். சிவப்பு போட்டால் ஏன் என்று கேட்பீர்கள். பென்சிலைத் திருப்பினேன்.

புத்தகம் வந்தது. ஊர் நூலகத்தில் அதைப் பற்றி நீங்கள் பேசினீர்கள். கேள்வி நேரத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளைஞன் எழுந்தான். அந்தச் சபையில் பிறந்தவன், வரலாற்று மாணவன். மிகவும் மரியாதையாக, அந்தக் கடிதத்தின் நகல் தன்னிடம் இருப்பதாகச் சொல்லிப் படித்தான். பெட்டிக்குள் பார்த்தது அவளில்லை. தான் பார்த்ததாக அவள் கணவன் சொன்னான் என்றுதான் எழுதியிருந்தாள். தொகுத்தவர் கணவனை விட்டுவிட்டார். நாமும் விட்டுவிட்டோம்.

மூன்றாம் வரிசையில் இருந்த நான் மடியிலிருந்த குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் நகலை வாங்கி இரண்டு முறை படித்தீர்கள். என் பெயரை எடுக்கவில்லை. பிழை இருந்தால் அது என்னுடையது, பார்த்து எழுதுகிறேன் என்று சொல்லி அவனிடம் கை குலுக்கினீர்கள்.

காரில் ரூட் ஒன் நெடுஞ்சாலைக்கு வந்தோம். பிறகு கேட்டீர்கள், கோபமில்லாமல்.

"அண்ணாச்சி, அந்த ரீல நீங்க பாத்தியள்லா?"

"பாத்தனுங்க சார்."

எத்தனையாவது சுருள் என்று கேட்டீர்கள். மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், எண்ணைக் குறித்துவைக்கவில்லை என்றேன். பஸ் டிக்கெட்டின் எண்ணைக்கூடக் குறித்துவைக்கும் ஆள் நான். அதையும் நம்பினீர்கள்.

உங்கள் யோசனை நேர்மையானது. அச்சிட்டவர் விட்டிருக்கலாம், ஆனால் அண்ணாச்சியும் மூலத்தை அப்படியே பார்த்திருக்கிறார். அப்படியானால் அவள் இரண்டு கடிதம் எழுதியிருக்கிறாள், ஒன்று எங்கோ இருக்கிறது. அந்த இல்லாத கடிதத்தைத் தேடி இரண்டு வருடம் அலைந்தீர்கள். நூலகச் சுருள்களை வாரக்கணக்கில் ஓட்டிப் பார்த்துக் கண் சிவந்து வருவீர்கள். பத்திரிகைகளில் உங்களைப் பிடிவாதக்காரர் என்று எழுதினார்கள். நியூயார்க் மாநிலத்தின் மேற்கு மூலைக்கு ஐந்து மணி நேரம் காரோட்டிப் போனபோது இருமுறை நானும் கூட வந்தேன். ஒரு பண்ணை வீட்டில் ஷூ டப்பா நிறையப் பழைய கடிதங்களைக் கொடுத்தார்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன், நீங்கள் படித்தீர்கள். டப்பாவின் அடித்தாள் தெரியும்வரை கொடுத்தேன்.

திரும்பும் வழியில் ஒரு காபிக் கடையில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தபடி சொன்னீர்கள்: "நீங்க பாத்ததுனாலதான் தேடுதேன் அண்ணாச்சி. வேற ஆளா இருந்தா அன்னைக்கே விட்டிருப்பேன்." அப்போது சொல்லியிருக்கலாம். சர்க்கரை வேண்டுமா என்று கேட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். சொல்லிவிடத்தான் வந்தேன். நாளிதழைப் படித்துக் காட்டிவிட்டுத் திரும்பினேன். மறுவாரம் சர்ச்சில், உங்கள் அடக்க ஆராதனையில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று முன்தினம் உறையைப் பிரித்தேன். பிற்சேர்க்கை முழுவதும் அந்த இரண்டாவது கடிதத்தைப் பற்றி. கடைசியில் உங்கள் கையெழுத்தில் ஒரு சாட்சித் தாள், அதே நான்கு கட்டங்கள். யார்: அண்ணாச்சி. என்ன கண்டார்: மூலக் கடிதம், மைக்ரோஃபில்மில். எப்போது சொன்னார்: கேட்ட உடனே, காரில். பொய் சொல்ல என்ன காரணம்: ஒன்றுமில்லை.

யாரையும் நம்பாத நீங்கள் என்னை மட்டும் நம்பியதற்கு நான் செய்தது இது. என்னையும் மற்றவர்களைப் போலச் சந்தேகப்பட்டிருந்தால் உங்களுக்கு இரண்டு வருடம் மிஞ்சியிருக்கும்.

நேற்று மகளிடம் சொல்லி நூலகத்தில் இறங்கிக்கொண்டேன். பிற்சேர்க்கையில் நீங்கள் குறித்திருந்த சுருளின் எண்ணைக் கவுண்டரில் சொன்னேன். அங்கிருந்தவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன், பிறகு எழுதிக் காட்டினேன். கொண்டுவந்து கொடுக்க நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. கடிதத்தைப் பார்த்தேன். இளைஞன் படித்தபடிதான் இருக்கிறது. கணவன் இருக்கிறான்.

இன்று காலை, சீவிய பென்சிலால் அந்தத் தாளில் உங்கள் 'ஒன்றுமில்லை'யை அடித்தேன். பக்கத்தில் சிவப்பில் எழுதினேன்: கூச்சம். பிறகு பயம் என்றும் சேர்த்தேன். இரண்டாவது கடிதம் கிடையாது, பிழை முழுதும் என்னுடையது, அந்த இளைஞனுக்கும் இதைத் தெரிவியுங்கள் என்று உங்கள் மனைவிக்கு ஒரு பக்கம் எழுதி உறைக்குள் வைத்துத் தபாலில் சேர்த்தேன். அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முதலில் இதை எழுதியிருந்தால் மனம் லேசாகி, உறை மேசையிலேயே கிடந்திருக்கும். உங்கள் மனைவி இனி என்னை அண்ணே என்று கூப்பிடுவாரா என்று தெரியவில்லை. கூப்பிட வேண்டும் என்று கேட்கவும் எனக்கு வாயில்லை.

இப்போது மாடியிலிருந்து மகள் கேட்கிறாள்: "அப்பா, ஸ்டவ் ஆஃப் பண்ணிட்டீங்களா? பாத்தீங்களா?" பால் காய்ச்சி அணைத்தது நன்றாக நினைவிருக்கிறது. ஆனாலும் எழுந்து சமையலறைக்குப் போய், ஒவ்வொரு குமிழாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொன்னேன்.